திருகோணமலையில் கப்பல் அந்திவரை நிற்கட்டும்
உல்லாசக் கப்பலின் கரைப்பயணப் பிரிவுக்குப் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். சென்ற முறை உங்கள் கப்பல் திருகோணமலையில் நின்ற அன்று நடந்ததை நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் அலுவலர்கள் இறங்குதுறையிலேயே நின்று பார்த்தார்கள். எட்டு மணிக்கு இறக்குவதாகச் சொன்ன பயணிகள் பத்தரை தாண்டித்தான் வெளியே வந்தார்கள். ஆனால் புறப்படும் நேரம் மட்டும் அசையவில்லை. இரண்டு மணிக்குக் கயிறு அவிழ்த்தாக வேண்டுமாம். ஆகவே நிலாவெளிக் கடற்கரை இல்லை, புறாத்தீவு இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை. மிஞ்சியது கோணேசர் கோயிலும் கோட்டை வாசலும்.

நான் இங்கே வழிகாட்டியாகத் தொழில் செய்பவன். கோயிலை மட்டும் காட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும், அதையாவது ஒழுங்காகக் காட்ட விட்டால். சம்பந்தர் பாடிய தலம், 1622இல் போர்த்துக்கேயர் இடித்தது, இன்றும் கோட்டைக்குள்ளால் நடந்துதான் மலைக்குப் போகவேண்டும். இதைச் சொல்லி முடிக்கவே அரை மணி வேண்டும். அன்று உங்கள் ஆட்கள் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கீழே கடலை எட்டிப் பார்க்கிறபோதே பஸ்ஸிலிருந்து விசில் ஊதிவிட்டார்கள்.

உங்கள் கையேட்டில் 'வனவிலங்குகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அவர்கள் கண்ட வனவிலங்கு, கோட்டைக்குள் வாகனங்களுக்கு நடுவே மேய்கிற புள்ளிமான்கள். அவற்றுக்குப் பிஸ்கட்டை உறையோடு நீட்டினார் ஒருவர். தடுத்தால் முறைக்கிறார். வேறு எதையும் காட்டாமல் கூட்டிவந்தால் மனுசர் மானோடுதான் விளையாடுவார்கள்.

அந்தப் பக்கத்தில் நீங்கள் அச்சடித்திருக்கும் படமோ புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரம். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. இடுப்பளவு தண்ணீரிலேயே முருகைக்கல்லும் (பவளப்பாறை) மீன்களும், அதிர்ஷ்டம் இருந்தால் கருமுனைச் சுறாக் குட்டிகளும் தெரியும்; மேலே பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள். முருகைக்கல்லை மிதிக்கக்கூடாது என்று படகில் ஏற்ற முன்னமே ஆறுதலாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அவசரப்படுத்தி இறக்கினால் மிதிபடுவது அதுதான். போய்வர அரை நாள் வேண்டும். திமிங்கிலம் பார்க்கவென்றால் விடியற்காலையே படகேற வேண்டும். அதை உங்களிடம் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

இனிச் சாப்பாட்டு விஷயம். உங்கள் முகவர் முதல்நாள் நாற்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார். கோட்டைக்குப் போகிற வழியில் வீட்டோடு கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் விடிய முன்னம் சந்தைக்குப் போய், கடனுக்கு நண்டு எடுத்தார். முருங்கையிலை போட்ட நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், சிவப்பரிசிச் சோறு, பிட்டுக் கேட்பவருக்குப் பிட்டு, கடைசியில் சட்டித் தயிரும் பாணியும். மகள்மார் இருவரும் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. தேங்காய் துருவ ஆள் வேண்டுமே. பஸ் அந்த வாசலைத் தாண்டிப் போனது, நிற்கவில்லை. உள்ளே எல்லார் மடியிலும் கப்பலில் கட்டிக்கொடுத்த குளிர்ந்த சான்ட்விச் பெட்டி. "நல்ல கறி வாசம் வருதே, எங்க சமைக்கிறாங்க?" என்று முன் இருக்கையில் இருந்த அம்மா என்னிடம் கேட்டார். உங்களுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

நண்டுக் கறி நாளைக்கு வைத்து விற்கிற பண்டமல்ல. அன்று பின்னேரம் அயலெல்லாம் நண்டுக் கறி. அக்கா மட்டும் சாப்பிடவில்லை. முகவரைப் போனில் பிடித்தால், "நாங்கள் உத்தேசமாகத்தானே சொன்னோம்" என்கிறார். முற்பணம் ஒரு ரூபாய் கூடத் தரவில்லை.

ஆகவே கேட்கிறோம்: கப்பலை அந்தி ஆறு மணிவரை நிறுத்துங்கள். துறைமுகக் கட்டணம் கூடும் என்பீர்கள். இருக்கலாம். கப்பல் துறையில் நிற்கும்வரை சூதாட்ட மேசையும் வரியில்லாக் கடையும் பூட்டியிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் ஊருக்கு இது பழக்கம்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் துறைமுகத்துக்காக வந்தவர்கள். 1942 ஏப்ரலில் யப்பான்காரர் ஆகாயத்தால் வந்து குண்டு போட்டதும் துறைமுகத்துக்காகத்தான். ஊரைப் பார்க்க வந்தவர் யார்? நீங்களாவது மூன்று மணி நேரம் பார்த்தீர்கள், அதற்கு நன்றி சொல்லவேண்டும்.

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. தயவுசெய்து அடுத்த முறை கப்பலை அந்திவரை நிறுத்துங்கள். எங்கள் கடல் படகுக்கு இசைவது மே முதல் செப்டெம்பர் வரைதான். அதற்குள் அட்டவணையை மாற்ற உங்களால் முடியும். முடியாவிட்டால் கையேட்டிலிருந்து புறாத்தீவுப் படத்தை எடுத்துவிடுங்கள். சாப்பாடு சொன்னால் பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். அக்காவின் நண்டுக் கணக்கு என்னிடம் இருக்கிறது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அறியத் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
திருகோணமலை வழிகாட்டி ஒருவன்