நீளமான இங்கிலீசுச் சொல்லை வாலில பிடியுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட மாணவர் பக்கத்தில ஓ.எல் சோதினை எடுக்கிற பிள்ளையளுக்கெண்டு நீளமான இங்கிலீசுப் பெயர்ச்சொல்லுகளை வரிசையாப் போட்டு பாடமாக்கச் சொல்லியிருந்தியள். போட்டது நல்லம், ஆனா வெறும் ஸ்பெல்லிங்கை மட்டும் குடுத்தா பிள்ளையள் அதை எழுத்தெழுத்தா கத்தித்தான் பாடமாக்குதுகள், ரியூசன் கொட்டிலைத் தாண்டிப் போனாலே கேக்கும், சோதினை முடிய எல்லாம் பறந்திடும்.

வன்னியில ரீசெட்டில்மென்ட், ரீஹபிலிட்டேஷன் எண்ட சொல்லுகள் ஆருக்குத்தான் தெரியாது, 2009க்குப் பிறகு நிறுவனங்களின்ர போர்டு முழுக்க இதுதானே. அதையே எடுங்கோவன். செட்டில் எண்ட வினைக்கு முன்னால ரீ, பின்னால மென்ட். என்னத்தை ஒட்டினாலும் அழுத்தம், அதாவது பலமாச் சொல்லிற இடம், 'செட்'டிலயே நிக்கும், ஏனெண்டா மென்ட் அழுத்தத்தை இடம் மாத்திறேல்ல. 'ஷன்' அப்பிடியில்ல, தனக்கு நேர முன்னால இருக்கிற அசைக்கு (ஒரே வீச்சில சொல்லிற சத்தத் துண்டுக்கு) அழுத்தத்தை இழுத்துப்போடும். ரீ-ஹ-பி-லி-டே-ஷன், ஆறு அசை, அமத்திச் சொல்ல வேண்டியது 'டே'. ரெஜிஸ்டருக்கு அழுத்தம் தலையில, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 'ட்ரே'யில. டெலிவிஷன் மாதிரி ஒண்டிரண்டு குழப்படிக்காரரும் இருக்கினம்தான். 'இட்டி'யில முடிஞ்சா கடைசியிலயிருந்து மூண்டாவது அசை: எலெக்ட்ரிக்கில 'லெக்', எலெக்ட்ரிசிட்டியில 'ட்ரி'. வாலைப் பாத்தா அழுத்தம் பிடிபடும், இதை ஆரும் சொல்லிக் குடுக்கிறதா தெரியேல்ல.

எங்கட நாக்கு குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு ரெண்டெண்டு அளந்து பழகினது, எல்லா அசையையும் ஒரே மட்டத்தில சொல்லிக்கொண்டு போவம். வெள்ளைக்காரர் அழுத்தாத அசையை அரைவாசி விழுங்கிப்போடுவினம். அதால காதால கேட்டு எழுதிற பிள்ளை கவர்ன்மென்டின்ர நடுவில இருக்கிற 'என்' எழுத்தை விட்டிடும். கவர்ன் எண்டது ஒரு வினை, அதோட மென்ட் சேந்திருக்கெண்டு காட்டினா பிறகு விடாது.

கொப்பியில வரி முடியிற இடத்திலயும் இதே கரைச்சல்தான். தமிழில அனேகமா எந்த எழுத்திலயும் வெட்டிப்போட்டு அடுத்த வரிக்குப் போகலாம், உங்கட பேப்பரிலயும் அப்பிடித்தானே வருது, பிள்ளையள் அதே பழக்கத்தில இங்கிலீசையும் வெட்டுதுகள். இங்கிலீசை அசை முடியிற இடத்திலதான் வெட்டலாம். ஸ்ட்ரெங்த் எட்டு எழுத்து, ஆனா ஒரே அசை, வெட்டவே ஏலாது (எங்கட ஆக்கள் முன்னால ஒரு 'இ' போட்டு ரெண்டாக்கிச் சொல்லுவினம், அது வேற கதை). நொலெட்ஜை பிரிட்டிஷ்காரர் டபிள்யூவுக்குப் பிறகு வெட்டுவினம், அடிச்சொல் உடையக்கூடாதாம், அமெரிக்கர் சத்தத்தைப் பாத்து எல்லுக்குப் பிறகு. எதெண்டாலும் பரவாயில்ல, ஒண்டைப் பிடிச்சாச் சரி.

அடுத்தமுறை லிஸ்ட் போடேக்க சொல்லை அசை அசையாப் பிரிச்சு, அழுத்திற அசையைத் தடிச்ச எழுத்தில போட்டு, பக்கத்தில அடிச்சொல்லையும் குடுங்கோ. இடம் காணாட்டி சொல்லுகளைப் பாதியாக் குறையுங்கோ, ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மல்லாவி