'நல்ல பெரிய பை' என்ற அந்த ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இதழில், விமானிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் என்னென்ன வாங்கித் தரலாம் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். ஹெட்செட், கைக்கடிகாரம், குளிர்கண்ணாடி எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. பைக்கு மட்டும் 'நல்ல பெரிய பை ஒன்று' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்து 6,800 ரூபாயை விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் கோவில்பட்டி. அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பை என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். தோல் பை தொங்கித் தொங்கி என் இடது தோள் இன்றைக்கும் ஒரு விரற்கடை தாழ்ந்துதான் இருக்கிறது. நோட்டு எந்த அறை, சில்லறை எந்த அறை, டிக்கெட் கணக்கு எழுதும் இன்வாய்ஸ் எங்கே, பென்சில் எங்கே என்று குனிந்து பார்த்ததே கிடையாது. ராத்திரி சர்வீஸில் விளக்கை அணைத்த பிறகும் எட்டணாவும் ஒரு ரூபாயும் விரலுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தவன் மகளுக்குப் பை வாங்கும்போது கோட்டை விட்டேன்.

மகள் இப்போது ஏடிஆர் விமானத்தில் துணை விமானி. காணியை விற்றும் கடன் வாங்கியும் படிக்க வைத்தோம், அது தனிக் கதை. பயிற்சிக்கு வடக்கே புறப்பட்டபோது, ஒரு கடையில் 'பைலட் பேக்' என்று அட்டை தொங்கிய சக்கரப் பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். கறுப்பு, பளபளப்பு, நம்பர் பூட்டு, வெளியே யுஎஸ்பி சொருகும் ஓட்டை. பார்த்ததும், "எப்பா, இது பையா பீரோவா?" என்றாள். ஆனாலும் எடுத்துப் போனாள், அப்பன் முகம் வாடக் கூடாதே என்று.

மூன்று மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். பயிற்சி விமானம் ஸெஸ்னா 172. கிட்டே போய்ப் பார்த்தால் நம் பழைய அம்பாசடர் காருக்குள் இருக்கும் இடம்கூட அதற்குள் இல்லை. வாத்தியாரும் மாணவியும் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். ஆள் எடை, பெட்ரோல் எடை, பை எடை எல்லாவற்றையும் கூட்டி எழுதிப் பார்த்த பிறகுதான் கிளம்புகிறார்கள். பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு 120 பவுண்டு, அதாவது 54 கிலோதான் உச்ச வரம்பு. தீபாவளி நேரத்தில் 55 சீட்டுக்கு நூறு பேரை ஏற்றியவன் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

என் பீரோ விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, துணி வைக்க. அவள் விமானத்துக்குக் கொண்டு போனது ஒரு பழைய காலேஜ் பை. உள்ளே இருந்ததைக் கட்டிலில் கொட்டச் சொல்லிப் பார்த்தேன். ஹெட்செட், தொடையில் கட்டி எழுதுகிற பலகை, வரைபடம், அளவுகோல், பறந்த நேரத்தை எழுதி வைக்கும் லாக் புக், டார்ச். அப்புறம் காற்றையும் தூரத்தையும் சுழற்றிக் கணக்குப் போட ஒரு வட்டத் தகடு. அதற்குக் கம்ப்யூட்டர் என்று பெயர், ஆனால் கரண்டே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இது போக ஒரு பிளாஸ்டிக் குப்பி. இறக்கையின் அடியில் பிடித்துக் கொஞ்சம் பெட்ரோல் இறக்கி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்தப் பெட்ரோல் நீல நிறம், காரீயம் கலந்தது. குப்பியையும் சப்பாத்திப் பொட்டலத்தையும் ஒரே அறையில் வைத்துவிட்டு ஒரு வாரம் அவஸ்தைப்பட்டிருக்கிறாள். இதற்கு வெளியே தனிப் பாக்கெட், அதுவும் கழுவக்கூடியதாக, கட்டாயம் வேண்டும்.

பை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். ஒரு சம்பவம் சொன்னாள். 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானம் ஒன்று கருங்கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று மூக்கைக் கவிழ்த்து 27 விநாடியில் 4,400 அடி இறங்கியிருக்கிறது. காரணம் ஒரு கேமரா. கேப்டன் கைவைக்கும் தாங்கிக்கும் பக்கத்தில் இருக்கிற கட்டுப்பாட்டுக் குச்சிக்கும் நடுவே அது கிடந்திருக்கிறது. கேப்டன் சீட்டை முன்னால் நகர்த்தியதும் கேமரா குச்சியை முன்னுக்குத் தள்ளிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ராணுவத்தார் கூரையில் போய் முட்டினார்களாம். விமானத்தில் ஒரு சாமானுக்கு இடம் இல்லை என்றால் அது தானாக ஒரு இடத்தைத் தேடிக்கொள்ளும், அதுதான் ஆபத்து என்றாள். காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு போய்ப் பெடலுக்கு அடியில் நின்றால் போதும்.

சரி, பெட்டிக் கதைக்கு வருகிறேன். கடைகளில் 'பைலட் பேக்' என்று விற்கிற அந்தச் சதுரப் பெட்டி உருவம் காகிதக் காலத்தோடு ஒட்டியது. அப்போது வழித்தட வரைபடம், கையேடு எல்லாம் கனத்த கோப்புகளில் வரும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013இல் அதையெல்லாம் ஐபேடுக்கு மாற்றியபோது, ஒரு விமானியின் காகிதப் பை 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ என்று கணக்குச் சொன்னது. இப்போது அந்தப் பதினாறு கிலோ ஒரு ஐபேடுக்குள் போய்விட்டது. எங்களுக்கும் இதேதான் நடந்தது. டிக்கெட் கட்டு போய் மிஷின் வந்தது. ஆனாலும் மிஷின் மக்கர் பண்ணினால் ஆகட்டும் என்று ஒரு டிக்கெட் கட்டைப் பையின் அடியில் வைத்திருப்போம். மகளும் அப்படித்தான், சார்ஜர், பவர் பேங்க் இல்லாமல் கிளம்ப மாட்டாள். பெட்டி மட்டும் பழைய உருவத்திலேயே விற்கிறது.

வேலை கிடைத்து வந்ததும், திருநெல்வேலி ஜங்ஷனில் எங்கள் கண்டக்டர் பைகளுக்குத் தையல் போட்டுக் கொடுத்த பெரியவரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் ஒரு பேச்சும் பேசவில்லை. "கொண்டு போறதெல்லாம் தரையில பரப்பும்மா" என்றார். பரப்பினாள். காகிதம் வெட்டி வைத்து அளந்தார். எதை முதலில் எடுப்பாய், எதை இருட்டில் எடுப்பாய், எதை உட்கார்ந்துகொண்டே எடுப்பாய் என்று மூன்று கேள்வி. கடைக்காரன் என்னிடம் கேட்டது கலர் மட்டும்தான்.

கிளம்புமுன் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும், விடியற்காலை நாலரை மணி என்றாலும் மழை என்றாலும். அதனால் ஒளிரும் ஜாக்கெட், டார்ச், காதடைப்பான் மூன்றும் மேலே. லைசென்ஸ், மருத்துவச் சான்று தட்டையாக முதுகுப் பக்கம். மகளுக்குக் கண்ணாடி உண்டு. கண்ணாடி போட்டுத்தான் பறக்க வேண்டும் என்று மருத்துவச் சான்றில் இருந்தால், கைக்கெட்டும் இடத்தில் இன்னொரு ஜோடி இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அதற்கு நசுங்காத ஒரு சின்னக் கூடு. ஹெட்செட்டுக்கு நடுவில் உருண்டையான இடம்.

லேப்டாப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள். பறப்பதற்கு அது தேவையில்லை. ராத்திரி தங்குகிற ஊரில் ஹோட்டல் அறையில் அடுத்த தேர்வுக்குப் படிக்கத்தான். அதனால் ஹோட்டலுக்குப் போகிற துணிப் பெட்டியில் வைக்கலாமே என்றேன். அந்தப் பெட்டி சில நாள் கீழே சாமானோடு போய்விடும், லேப்டாப்பை அப்படி விட முடியாது என்றாள். பழைய பையில் லேப்டாப் அறை அடிவரைக்கும் போகும். பையைத் தரையில் வைத்தபோதெல்லாம் மூலை இடித்து, கடைசியில் திரை கீறிவிட்டது. பெரியவர் அறையின் அடியை இரண்டு அங்குலம் மேலே தூக்கித் தைத்தார், தொட்டில் மாதிரி. பாதுகாப்புச் சோதனையில் விமானியும் லேப்டாப்பை வெளியே எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். ஆகவே அந்த அறைக்குத் தனி ஜிப், மற்றதைக் கலைக்காமல்.

உள்துணி மஞ்சள். எனக்கு அது கண்ணை உறுத்தியது. "எல்லாச் சாமானும் கறுப்பு, உள்துணியும் கறுப்புன்னா என்னத்த தேடுவ?" என்றார். அடியில் நான்கு ரப்பர் குமிழ், விட்ட இடத்தில் சாயாமல் நிற்க. தோள்வார் வேண்டாம், சட்டைத் தோளில் இருக்கிற தங்கப் பட்டையில் வழுக்கும் என்று மகள் சொன்னாள். கைப்பிடி போதும், பின்பக்கம் துணிப் பெட்டியின் கம்பியில் மாட்ட ஒரு பட்டை போதும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வார் இல்லாத பை எனக்குப் பையே இல்லை. ஆனால் உடுப்பு அவளுடையது. மூடிக்குக் காந்தப் பொத்தான் வைக்கவும் விடவில்லை. பயிற்சியில் ஒருமுறை காந்தப் பொத்தான் வைத்த சின்னப் பையைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்து வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பாடமாம்.

அந்த யுஎஸ்பி ஓட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதோடு வருகிற பேட்டரியைக் கழற்ற முடியாது என்றால் வாங்கவே வாங்காதீர்கள். பவர் பேங்கைக் கீழே சாமானில் போடக் கூடாது, கையோடுதான் போக வேண்டும். பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தை வாட் ஹவர் என்று அளக்கிறார்கள், 100 வாட் ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. அட்டையில் 20,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் அதை பேட்டரியின் வோல்டேஜான 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் ஹவர் வரும், பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். டிக்கெட் கணக்குப் போட்ட கைக்கு இது பிடித்த கணக்கு.

பெரியவர் வாங்கியது 1,900 ரூபாய். ஒய்கேகே கம்பெனி ஜிப்புக்கு மட்டும் தனியாகக் காசு கேட்டார், கொடுத்தேன். ஜிப்பில் மிச்சம் பிடிக்கிறவன் பையை இரண்டு தடவை வாங்குவான். மொத்தம் ஐந்து கிலோவைத் தாண்டுவதில்லை. இரண்டு வருடமாகிறது, ஒரு தையல் விடவில்லை.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் முதல் நாளே பை வாங்க வேண்டாம். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். முதல் இருபது மணி நேரத்துக்கு வீட்டில் கிடக்கிற பையே போதும். எதைத் தொடுகிறார்கள், எதைத் தொடுவதே இல்லை என்று அதற்குள் தெரிந்துவிடும். அந்தச் சாமான்களை அள்ளிக்கொண்டு போய் அளந்து வாங்கட்டும், முடிந்தால் தைக்கட்டும். பெட்டிச் செய்தியை மறுபடி போடுவதாக இருந்தால் இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

ஒரே ஒரு மனக்குறை, என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. தயிர்சாத டப்பாவுக்குப் பெரியவர் அறை வைக்கவில்லை. லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஈரம் கூடாது என்று மகளும் சொல்லிவிட்டாள். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அந்த டப்பா தனியாக ஒரு மஞ்சள் பையில்தான் போகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
கோவில்பட்டி