மில்காரர் புத்தகம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பதில் போடத்தான் நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. பெரியவள் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். நான் இப்போதெல்லாம் வேலைக்கு மெட்ரோவில்தான் போய் வருகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம தெரு மில்காரரை ஞாபகம் இருக்கிறதா? 1996-இல் பெரம்பூர் பின்னி துணி மில்லை மூடிய பிறகு, கைக்காசு போட்டுக் கவிதைப் புத்தகம் அச்சடித்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நமக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தாரே, அவர்தான். நம் கிளை நூலகத்துக்கும் இரண்டு கொடுத்திருந்தார். பெரியவளுக்குப் பள்ளியில் நம் பகுதி எழுத்தாளரைப் பற்றி எழுதச் சொன்னார்கள், அவர் ஞாபகம் வந்து தேடிப் போனேன். கவிதை அடுக்கில் இல்லை. பதிவேட்டில் இல்லை. கடைசியில் மூலை பீரோவின் அடித்தட்டில், சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்த பழைய மாத இதழ்களுக்கு நடுவில் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்கொடை'. பின்னட்டையில் ஒட்டிய தேதித் தாளில் ஒரு முத்திரைகூட விழவில்லை. கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

நூலகர் அம்மாவைக் குறை சொல்ல மனசு வரவில்லை, ஒற்றை ஆளாகத்தான் எல்லாம் பார்க்கிறார். புத்தகங்களைப் பெரும்பாலும் மேலிடத்தில் தேர்ந்தெடுத்துத்தான் அனுப்புகிறார்கள், அதில் தெருக்காரர் எழுதியது எப்படி வரும்? பெரிய பெயர்களுக்கே இந்தக் கதிதான். வள்ளலார் சின்ன வயதில் வந்து 1858-இல் சென்னையை விட்டுப் போகிறவரை ஏழுகிணறு வீராசாமி தெருவில் இருந்தவர், கந்தகோட்டத்து முருகன்மேல் தெய்வமணிமாலை பாடியவர். ஆனால் திருவருட்பா ஆன்மிக அடுக்கில் இருக்கிறது, பிள்ளைகளைக் கேட்டால் வடலூர் என்கிறார்கள். இந்தப் பக்கம் நடந்தவர் என்று ஒரு சின்ன அட்டை எழுதி வைத்தால்கூடப் போதுமே! கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' மாதிரி நம் வடசென்னை மண்ணையே எழுதிய நாவலும், பத்தோடு பதினொன்றாக அகர வரிசையில்தான் நிற்கும்.

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் ஆட்களால்தான். அதைப் பற்றி வெளியிலிருந்து பார்த்து எழுதிய புத்தகங்கள் உண்டு, தறிக்குப் பக்கத்தில் நின்றவரே எழுதியது எத்தனை கிடைக்கும்? அது நம்ம நூலகத்தில் இல்லையென்றால் உலகத்தில் எங்கேயும் இருக்காது. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம், இந்த வரியே 1948 நூலகச் சட்டத்தில் வந்ததுதான். அந்தக் காசில் ஓர் அடுக்கு கேட்பது நமக்கு உரிமைதான்.

கேட்டுவிட்டேன். வாசல் பக்கம், பேப்பர் படிக்கிற மேசைக்கு மேலே ஒரு தட்டு ஒழித்துத் தருகிறேன், பதிவேட்டிலும் ஏற்றிவிடுகிறேன், புத்தகங்களை நீங்கள் சேர்த்துக் கொடுங்கள் என்றார் அந்த அம்மா. ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிப் பக்கம் போய் இரண்டு பேர் வீட்டில் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. நூலகத்துப் பிரதியில், விடியற்காலையில் மில் சங்கு ஊதுவதைப் பற்றி எழுதியிருப்பாரே, அந்தக் கவிதை இருந்த நாலு பக்கத்தையும் பூச்சி அரித்துவிட்டது. என் பிரதி 2015 வெள்ளத்தில் போயிற்று. உன்னுடையதில் அவர் கையெழுத்து இருக்கிறது, அது உன்னிடமே இருக்கட்டும். அந்த நாலு பக்கத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, நகல் எடுத்து ஒட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தெருக்காரன்