பொருளாதார நெருக்கடியில் சிக்கிய சிறு தொழில்களுக்கும் குடும்பங்களுக்கும் இலவச சட்ட உதவி கோரி மனு

அனுப்புநர்:
சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருபவர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
சட்டத் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: சட்ட உதவிக்கான வருமானக் கணக்கீட்டை மாற்றவும், வங்கி நோட்டீஸ் வரும்போதே ஆலோசனை கிடைக்கச் செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு, வருமான வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். வியாபாரம் படுத்துவிட்டால் நோட்டீஸை எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். வக்கீலிடம் போவது அதற்கு அப்புறம், அநேகமாகக் கெடு முடிந்த பிறகு. நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் சட்ட உதவி இவர்களுக்கு எந்த இடத்தில் கைநழுவிப் போகிறது என்பது என் மேசையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

இவர்களில் பெரும்பாலோர் கம்பெனி வைத்திருப்பவர்கள் அல்லர். ஒரே ஆள் பெயரில் தொழில் நடத்துகிறவர்கள். தொழில் கடன் வேறு, வீட்டுக் கடன் வேறு என்ற கோடே அங்கு கிடையாது. வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருக்கும், மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். 2020 ஊரடங்கின்போது, மார்ச் 25 முதல் ஓராண்டுக்குள் கட்டத் தவறிய கடன்களுக்காகத் திவால் சட்டத்தின் கீழ் கம்பெனிகள் மீது மனு போடுவது தடுக்கப்பட்டது. தனி ஆள் நடத்தும் தொழிலுக்கு அந்தச் சட்டத்தின் உரிய பகுதி அன்று நடைமுறையிலேயே இல்லை. ஐ.பி. கொடுப்பதென்றால், அதாவது கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் திவால் மனு போடுவதென்றால், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் (சென்னை நகரில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தை) தேடிப் போக வேண்டும். வங்கித் தவணை ஆகஸ்ட் வரை தள்ளிவைக்கப்பட்டது உண்மை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அது பலருக்குப் பாக்கித் தொகையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சரி, இலவச சட்ட உதவிக்குப் போகலாமென்றால் வருமான வரம்பு நிற்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் போன்றோர் வருமானம் எதுவானாலும் உதவி பெறலாம். மற்றவர்களுக்கு, உச்ச நீதிமன்றம் நீங்கலாக, வரம்பை நிர்ணயிப்பது மாநில அரசு. ஆனால் வருமானத்துக்குச் சான்றாகக் கேட்கப்படுவது போன வருடக் கணக்கு. ஆர்டர் நின்றுபோய், மெஷினை விற்று ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கூட அந்தக் காகிதத்தில் வசதியானவராகத்தான் தெரிவார். அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இது எனக்கு நன்றாகவே தெரியும்.

இதற்கு வழி அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவர் தம் வருமானம் பற்றித் தரும் பிரமாணப் பத்திரத்தையே போதுமானதாக ஏற்கலாம் என்கிறது 13ஆம் பிரிவு. தம் தவறில்லாமல் வறுமையில் விழுந்தவர்களுக்கும் உதவி உண்டு என்கிறது 12ஆம் பிரிவு. அதற்கு வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து ‘போன்ற’ நிலைமைகளை எடுத்துக்காட்டாகத்தான் சொல்கிறது. எனவே கடைசி மூன்று மாத வருமானத்தை வைத்துத் தகுதியைக் கணக்கிடவும், அரசே அறிவிக்கும் பொருளாதார நெருக்கடியை அந்த எடுத்துக்காட்டுகளோடு சேர்த்துப் பார்க்கவும் உயர் நீதிமன்றத்தையும் மாநில ஆணைக்குழுவையும் கலந்து விதி செய்ய வேண்டுகிறேன். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் உள்ளே நுழைந்துவிடுவார்கள் என்று ஒரு கேள்வி வரலாம். வழக்கில் முகாந்திரம் உண்டா என்று பார்த்த பிறகே உதவி தர வேண்டும் என்று அதே 13ஆம் பிரிவு சொல்கிறது. தவிர, அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல வக்கீல்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

அடுத்தது, இதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது: கெடு. தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிறது. கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்வது சர்பாசி சட்டம்; அதன்படி வரும் நோட்டீஸில் பணம் கட்ட 60 நாள். அதற்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை கொடுத்தால், அதை ஏற்காவிட்டால் காரணத்தை வங்கி 15 நாளில் தெரிவித்தாக வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை வந்த பிறகு கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள். அந்த முதல் 60 நாளில் ஒரு பக்க ஆட்சேபணைகூட எழுதப்படாமலே பெரும்பாலானவர்களுக்குக் காலம் போய்விடுகிறது. நோட்டீஸ் ஆங்கிலத்தில், பிரிவு எண்களோடு வருகிறது. கோர்ட்டில் கேஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வழக்கு இல்லாவிட்டாலும் சட்ட விஷயத்தில் ஆலோசனை சொல்வதும் சட்டப் பணிதான் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மனைவி, பெண் என்ற முறையில், வருமான வரம்பே இல்லாமல் உதவி கேட்கலாம் என்பதையும் அவரிடம் யாரும் சொல்வதில்லை.

ஆகவே, மாவட்டத் தொழில் மையம் ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு நாளாவது, சர்பாசி வழக்கில் பழக்கமுள்ள சட்ட உதவி வக்கீல் ஒருவர் உட்கார ஏற்பாடு செய்ய வேண்டும். அலமாரியில் போகும் நோட்டீஸோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பையும், 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணையும் வங்கிகள் இணைக்கும்படி மாநில அளவிலான வங்கியாளர் குழுவை அரசு வலியுறுத்த வேண்டும்.

வரவேண்டிய பணம் பற்றியும் ஒரு வார்த்தை. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர்கள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வக்கீலே முதலில் ஒரு சமரசக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் மேற்கொண்டு போகத் துணிவார்கள் என்பது என் கணிப்பு.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்