காற்றை இறக்கச் சொன்னது என் தப்பு

தங்கச்சிமடம்,
ஞாயிற்றுக்கிழமை

பாப்பா,

கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் பேசினாய். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்றாய். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். இங்கே இருந்த நாலு நாளும் ஒன்றைச் சொல்ல நினைத்து, மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் வாய் வராமல் போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

வரும்போது பரமக்குடி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நின்று எனக்குப் போன் போட்டாயே, நினைவிருக்கிறதா? "அப்பா, கதவுல 33ன்னு போட்டிருக்கு, இங்க நாலு டயரும் 38 காட்டுது"ன்னு கேட்டாய். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "வெயில் காலம் தாயி, இறக்கி 33ல நிறுத்திரு" என்று சொல்லிவிட்டேன். நீயும் அப்படியே செய்தாய். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்ன நான்தான் தப்பு.

மறுநாள் விடியற்காலை நீங்கள் எழுவதற்கு முன்னால் டயர் காற்று பார்க்கிற என் மீட்டரை எடுத்துப்போய் வைத்துப் பார்த்தேன். மூன்று சக்கரத்தில் 28, பின்பக்க இடது டயரில் 27. கால் பம்பை எடுத்து மிதித்து எல்லாவற்றையும் ஏற்றினேன். சட்டை நனைந்துவிட்டது. "இந்த வயசுல என்ன தேகப்பயிற்சி?" என்று அம்மா கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். கதவில் ஒட்டியிருக்கும் எண் ஆறிய டயருக்கான எண். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். நீ காலையில் கோயம்புத்தூரில் 33 பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாய். தார் ரோட்டில் வெயிலோடு அவ்வளவு தூரம் ஓடி வந்த டயருக்குள் காற்று சூடேறி விரியும். நாலைந்து பவுண்டு கூடத்தான் காட்டும். (மீட்டரில் பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பதை எங்கள் வேன் ஸ்டாண்டில் பவுண்டு என்றுதான் சொல்வோம்.) கம்பெனிக்காரன் அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் 33 என்று எழுதியிருக்கிறான். சூட்டில் கூடின ஐந்தை நாம் பிடுங்கிவிட்டால், ஆறியதும் 28க்கு வந்து நிற்கும். சூடாக இருக்கும்போது காற்றை இறக்கவே கூடாது.

காற்று குறைந்தால் டயர் குளிரும் என்று நானே நம்பியிருந்தேன் பார். இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் கை சுடுமே, அதே கதைதான். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அதில்தான் சூடு. வேகமும் பாரமும் சேர்ந்தால் பக்கச்சுவர் கிழிந்துபோகும்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஆடுகிறது, காற்று தள்ளுகிறது என்று வந்ததும் சொன்னாய். கச்சான் காற்று தள்ளியது உண்மைதான். ஆனால் அந்த ஆட்டத்தில் காற்று குறைந்த டயருக்கும் பங்கு இருந்திருக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம், கீழே கடல், உள்ளே என் பேரப்பிள்ளைகள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? தனுஷ்கோடிதான். 2017ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போடும் வரை, முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கப்புறம் மணலும் கடல் தண்ணீரும்தான். வேனை நிறுத்தி, குச்சியால் வால்வை அழுத்தி, காதால் கேட்டே காற்றைப் பாதியாக்குவோம். டயர் ஒட்டகத்தின் பாதம் மாதிரி பரந்து உட்காரும், மணலில் புதையாது. மணலில் மெதுவாக ஊர்வதற்கு அது சரியான வேலை. ஆனால் தாருக்குத் திரும்பியதும் ஏற்றிவிட வேண்டும். ஒருநாள் சவாரி அவசரத்தில் ஏற்றாமலே பாம்பன் வரைக்கும் விரட்டினேன். ரப்பர் கருகின வாசம் வந்தது. நிறுத்திப் பார்த்தால் பின்டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனாலும் "வெயிலுக்குக் காத்தைக் குறை" என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னதுதான் நாக்கில் நின்றது.

மாப்பிள்ளை ஒருநாள் டயரைக் காட்டி, "இதுல 51ன்னு போட்டிருக்கே மாமா" என்று கேட்டார். அது அந்த டயர் தாங்கும் உச்சம். நம் வண்டிக்கு அது கணக்கில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரைத்தான் பார்க்க வேண்டும். அதில் இரண்டு வரிசை இருக்கும். ஆள் குறைவாகப் போனால் ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்தால் இன்னொன்று. உன் வண்டிக்கு நிறை பாரத்தில் பின்னால் 36 என்று பார்த்தேன். ஆடி அமாவாசைக்குச் சம்பந்தியையும் அழைத்து வருவதாகச் சொன்னாய் அல்லவா, அன்றைக்கு அந்த வரிசைதான். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதே. இந்தக் காலத்து ரேடியல் டயர் காற்று சரியாக இருந்தாலும் கீழே கொஞ்சம் உப்பித்தான் நிற்கும்.

பின்பக்க இடதில் மட்டும் ஒரு பவுண்டு ஏன் குறைந்தது என்று எனக்கு உறுத்தல். வால்வில் எச்சில் தொட்டு வைத்தேன், குமிழி கிளம்பியது. மூடியைக் காணோம். உப்புக் காற்றும் மணலும் உள்ளே போனால் அப்படித்தான். வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கிற சின்ன பின்னை மாற்றி, பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறேன். பளபளவென்று இரும்பு மூடி வாங்கிப் போடாதே. நம் ஊர் உப்பில் அது வால்வோடு பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது வால்வே முறியும். ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு பவுண்டு போலத் தானாகக் குறையத்தான் செய்யும், மாதம் ஒருமுறை பார்.

ஸ்டெப்னியைச் சொல்ல மறந்துவிட்டேன். அதில் வெறும் 19 இருந்தது! வாங்கினதிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டீர்கள். இப்போது சரியாக இருக்கிறது.

நைட்ரஜனுக்குக் காசு கொடுத்தேன் என்றாய். கெடுதல் இல்லை. ஆனால் நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். இலவசக் காற்றையே ஒழுங்காகப் பார்த்துவந்தால் போதும். அவசரத்துக்கு இரண்டையும் கலந்து அடித்தாலும் ஒன்றும் ஆகாது.

பங்குக்குப் பங்கு மீட்டர் இரண்டு மூன்று மாறும். அதனால் என் மீட்டரை உன் டிக்கியில் வைத்துவிட்டேன். அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி இருக்கும். வாசம் பிடித்திருந்தால் துணியை மட்டும் துவைத்துப் போடு, மீட்டரில் தண்ணீர் படவேண்டாம். ஆடி அமாவாசைக்குக் கிளம்புகிற அன்று, வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்த்து எண்களை எனக்கு அனுப்பு. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து எண்.

அப்பா