அப்பா வீடு வந்து சேர்ந்தார்: ஒரு நன்றி மடல்

எங்கள் பக்கம் நன்றி நவிலல் என்றால், ஒருவர் இறந்த 31ஆம் நாள் அழைப்போடு அச்சடித்து வருவது. இது அப்படியில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார். முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "என்னத்தை மனே எழுதுறாய்?" என்று கேட்கிறார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்களுக்கு வயல். பெரும்போக வேலை தொடங்க முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, எலிக்காய்ச்சல் வராமலிருக்க டொக்சிசைக்ளின் கொடுத்தார். கிழமைக்கு ஒருதரம் இரண்டு குளிசை, சாப்பிட்ட பிறகு என்று உறையில் பேனையால் எழுதியும் தந்தார். அப்பா அதை வாங்கிச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். "சும்மா தாற மருந்து என்னத்தைக் கேட்கும்?" அவரை ஏச எனக்கும் வாய் இல்லை. அரச ஆஸ்பத்திரியைத் தர்மாஸ்பத்திரி என்று சொல்லி வளர்ந்தவன்தானே நானும்.

காய்ச்சல் வந்தது. காசு கொடுத்துக் காட்டினால்தான் மனம் ஆறும் என்று இரண்டு நாள் தனியார் இடமொன்றுக்குக் கொண்டு திரிந்தோம். வயலுக்குள் இறங்குகிறவரா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கண் சிவந்து, கெண்டைக்கால் தொடவிடாமல் நொந்து, சலம் போவதும் நின்றுவிட்டது.

இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அடித்தோம். அம்புலன்ஸில் வந்த பிள்ளை கேட்ட முதல் கேள்வியே, "ஐயா வயல் வேலையா?" என்பதுதான். மண்முனைப் பாலத்தைத் தாண்டியது எனக்கு நினைவேயில்லை. 2014இல் பாலம் திறக்க முதல் என்றால், இந்தக் கரையில் பாதைக்கு, அதுதான் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்து நின்றிருப்போம்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி, சேலைன், அப்புறம் மூன்றுதரம் இரத்தச் சுத்திகரிப்பு. வைத்தியர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனாலும் எனக்கு மறக்காதது ஓர் இரவுத் தாதிதான். விடியச் சாமம் அப்பாவின் சலத்தை அளவுக் குவளையில் ஊற்றி, லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இருநூறு மில்லி!" என்றார். பரீட்சை முடிவு வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

விடுதிச் சிற்றூழியர் ஒருவரின் கையில் ஐந்நூறு ரூபா வைக்கப் பார்த்தேன். திருப்பித் தள்ளிவிட்டார். "எல்லாம் இலவசமாச் செய்றீங்களே" என்றதற்கு, "இலவசம் எண்டு ஆர் சொன்னது? நீங்க வாங்குற சவுக்காரத்திலயும் 18 வீதம் வற் வரி இருக்குத் தம்பி" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டில் ஆளில்லாத அந்த நாட்களில் பின்னேரம் முழுக்கப் பிரதேச சபை நூலகத்தில்தான் இருந்தாள். மூடுகிற நேரம் கடந்தும், நான் வந்து சேரும்வரை கதவைச் சாத்தாமல் காத்திருந்த நூலகருக்கு நன்றி.

பரிசோதகருக்கு நன்றியோடு மன்னிப்பும். சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்த உறையைப் பிரிக்காமலே அவரிடம் காட்டினேன். அவர் ஏசவில்லை. திகதியைப் பார்த்தார், எங்கள் வீட்டில் மற்ற ஆட்கள் எத்தனை பேர் வயலுக்கு இறங்குகிறோம் என்று கேட்டார், எண்ணிக் கொடுத்தார்.

இன்னொன்று. எங்கள் பச்சைப் பிளாஸ்க்கை விடுதியிலேயே விட்டு வந்துவிட்டோம். மூடி கொஞ்சம் இறுக்கம், அழுத்திக்கொண்டு திருகினால் திறக்கும். தேவையானவர் எடுத்துப் பாவியுங்கள்.