ஆச்சிக்கும் ஊராருக்கும் எங்கள் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

பையனின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். இனி செக்கப்புக்கு வந்தால் போதும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை, நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிட்டாலும் ரத்தத்தின் பிளேட்லெட் அணுக்களைக் கொடுக்க ஓடிவந்த கல்லூரிப் பிள்ளைகள், பல்லவன் ரயிலில் இடம் விட்டுக்கொடுத்த முகம் தெரியாதவர்கள், கல்லுக்கட்டியில் எங்கள் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அண்ணன்மார், ஆவி பறக்க இடியாப்பம் அவித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, வார்டு சிஸ்டர்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

ஆனால் ஆச்சி, எழுத உட்கார்ந்தது உங்களை நினைத்துத்தான். பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், சரி.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தீர்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்க, மத்தியான வெயிலில் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தீர்கள். பையனுக்குக் கிருமி ஒட்டிவிடக் கூடாது என்று மாஸ்க் போட்டுக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்தீர்கள். செல்லுக்குள் சேதி எப்படிப் போகிறது, குழந்தைகளின் புற்றுநோயில் அது எங்கே கெடுகிறது என்று ஆயுசு முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர் நீங்கள். உங்களிடம் என்ன கேட்பதென்று தெரியாமல், மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்: "நான் என்ன ஆச்சி தப்பாக் குடுத்தேன் இவனுக்கு?"

வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். பிராய்லர் கோழி, செல்போன், குலதெய்வத்துக்குப் பாக்கி நின்ற நேர்த்திக்கடன்.

ரிப்போர்ட்டை வாங்கி நிதானமாகப் படித்தீர்கள். எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில், மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் உடைந்து, துண்டுகள் மாறி ஒட்டிக்கொண்டன, தானாக நடந்தது, பெற்றவர்களிடமிருந்து வந்ததும் இல்லை, நான் சமைத்ததில் வந்ததும் இல்லை என்றீர்கள். அப்படி மாறிப்போன குரோமோசோமை 1960-இல் பிலடெல்பியாவில் கண்டார்களாம். துண்டுகள் இடம் மாறியதுதான் அது என்று 1973-இல் சொன்னவர் சிகாகோவின் ஆராய்ச்சியாளர் ஜேனட் ரௌலி. நான்கு பையன்களைப் பெற்றவர், குரோமோசோம் படங்களை வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தவர் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

அப்புறம் செல்லுக்குள் சேதி போவதை நம் கல்யாண வீட்டை வைத்தே விளக்கினீர்கள். முகப்பில் ஒருவர் 'இலை போடலாம்' என்றால் வளவில் நிற்பவர் வாங்கி இரண்டாம் கட்டுக்குச் சொல்ல, அது அடுப்படி வரை போகும். இந்த நோயில் முகப்பில் யாருமே வாய் திறக்கவில்லை. அந்த மாறி ஒட்டிய துண்டால் வந்தவர், வளவில் நிற்கிற ஒருத்தர் மட்டும் 'இலை போடு, இலை போடு' என்று ஓயாமல் கத்துகிறார், செல்லும் பெருகிக்கொண்டே போகிறது. இமாட்டினிப் மாத்திரை அந்த ஒருத்தர் வாயைத்தான் பொத்துகிறது. கீமோவோடு இதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆய்வு 2009-இல் வந்தது. மூன்று வருடம் நோய் திரும்பாமல் நன்றாக இருந்த பிள்ளைகள் முன்பு நூற்றுக்கு 35 பேர், அந்த ஆய்வில் 80 பேர். அந்த இரண்டு எண்களையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள்.

மாத்திரையின் அளவைப் பற்றிக் கேட்டதும், "அதை டாக்டர்தான் சொல்லணும்" என்று கறாராக மறுத்தீர்கள். அதனாலேயே நீங்கள் சொன்ன மற்றதையெல்லாம் முழுசாக நம்பினேன்.

கிளம்பும்போது, "இத்தனை வருஷமும் தட்டுல வளர்ற செல்லைத்தான் பார்த்திருக்கேன். இந்த மாத்திரையைச் சாப்பிடுற பிள்ளைகிட்ட இன்னைக்குத்தான் பேசறேன்" என்றீர்கள். மாத்திரை சாப்பிட்டதும் என்ன செய்கிறது என்று அவனிடமே கேட்டு, அவன் சொன்னதைக் குறித்துக்கொண்டீர்கள். அவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் தன் பேச்சை எழுதிக்கொண்டதை அவன் வார்டு முழுக்கச் சொல்லி முடித்தான்.

அன்று ராத்திரி நான் தூங்கினேன். பிறகு காரணம் சொல்ல வந்தவர்களுக்கு ரௌலி அம்மாவின் சாப்பாட்டு மேசையைப் பற்றிச் சொன்னேன். என் மாமியாரும் நேர்த்திக்கடன் பேச்சை விட்டுவிட்டார்.

இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த நோய் வந்தாலும் நான் போவேன். உன்னால் வரவில்லை என்று அந்தத் தாயிடம் முதலில் சொல்வேன். பள்ளிக்கூட வேலை முடிந்து சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், ஆள் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
தம்பியின் அம்மா, காரைக்குடி